கொலஸ்ட்ரால் மாத்திரை, ஸ்டீராய்டு மாத்திரை: நிறுத்துவதற்கு முன் தெரிந்துகொள்ளுங்கள்



ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் கொலஸ்ட்ரால் கூடுதல் என்று வந்துவிட்டால் நம் வீடுகளில் இரண்டு விதமான பேச்சு கிளம்புகிறது. "இனிமேல் முட்டை, கறி, நெய் எதையும் தொடக் கூடாது" என்பது ஒன்று. "கொலஸ்ட்ரால் உடம்புக்குத் தேவையானது, அது குறைந்தால் ஹார்மோனே சுரக்காது, மாத்திரையை நிறுத்துங்கள்" என்பது மற்றொன்று. இரண்டாவது பேச்சு வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றுகிறது. அதில் பாதி உண்மை இருப்பதால் பலரும் நம்பிவிடுகிறார்கள்.

நோன்பு நெருங்கும்போது இன்னொரு பழக்கமும் தலைகாட்டும். மூட்டுவாதம், ஆஸ்துமா, தோல் நோய், சிறுநீரக நோய் ஆகியவற்றுக்காக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களில் சிலர், "ஒரு மாதம்தானே, ரமலான் முடிந்து பார்த்துக்கொள்ளலாம்" என்று தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். இது சிலருக்கு உயிருக்கே ஆபத்தாக முடியும்.

கொலஸ்ட்ராலும் ஸ்டீராய்டும் வெவ்வேறு விஷயங்கள் போலத் தோன்றினாலும், உடலுக்குள் இரண்டும் ஒரே குடும்பம். அந்தத் தொடர்பைப் புரிந்துகொண்டால் எந்த மாத்திரையை ஏன் தருகிறார்கள், ஏன் திடீரென நிறுத்தக் கூடாது என்பது தானாக விளங்கும்.

கொலஸ்ட்ரால் என்பது என்ன?

கொலஸ்ட்ரால் மெழுகு போன்ற ஒரு பொருள். தண்ணீரில் கரையாது. முதன்முதலில் இது பித்தப்பைக் கற்களில்தான் கண்டறியப்பட்டது. கிரேக்க மொழியில் பித்தத்தையும் கெட்டிப் பொருளையும் குறிக்கும் இரண்டு சொற்களைச் சேர்த்து இந்தப் பெயரை வைத்தார்கள்.

மனிதர், ஆடு, மாடு, கோழி, மீன் என எல்லா உயிரினங்களின் உடலிலும் இது உண்டு. தாவரங்களில் இல்லை என்றே சொல்லலாம். ஆகவே கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் பாட்டில்களில் "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். எந்தத் தாவர எண்ணெயிலும் அது இருக்காது. ஆனால் எண்ணெய் எண்ணெய்தான்; அளவு மீறினால் எடை கூடும்.

உடல் அதை எப்படித் தயாரிக்கிறது?

நம் ரத்தத்தில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி சாப்பாட்டிலிருந்து வந்ததல்ல. பெரியவர் ஒருவரின் உடல் ஒரு நாளைக்குச் சுமார் 1 கிராம் கொலஸ்ட்ராலைத் தானே தயாரித்துக்கொள்கிறது. சாப்பாட்டிலிருந்து கிடைப்பது இதைவிடக் குறைவு. கல்லீரல்தான் முக்கியமான தயாரிப்பிடம். குடல், தோல் உட்பட மற்ற உறுப்புகளின் செல்களும் ஓரளவு தயாரிக்கின்றன.

நாம் சாப்பிடும் சோறு, ரொட்டி, சர்க்கரை, கொழுப்பு எல்லாம் செரித்து உடையும்போது, இரண்டே கார்பன் அணுக்கள் கொண்ட ஒரு சிறு துண்டு கிடைக்கிறது. உடல் இந்தத் துண்டுகளை ஒன்றோடு ஒன்று கோத்து, ஏறத்தாழ 30 படிகளைக் கடந்து, 27 கார்பன் அணுக்கள் கொண்ட கொலஸ்ட்ராலை உருவாக்குகிறது. இந்தப் பாதையைக் கண்டறிந்த கொன்ராட் பிளாக், ஃபியோடர் லினன் இருவருக்கும் 1964-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இந்த 30 படிகளில் ஒரு படிதான் முழு வேகத்தையும் தீர்மானிக்கிறது. தண்ணீர்க் குழாயின் வால்வு போல அங்கே ஒரு நொதி இருக்கிறது. செல்லுக்குள் கொலஸ்ட்ரால் போதுமான அளவு இருந்தால் வால்வு தானாகவே அடைபடும், குறைந்தால் திறக்கும். அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் மாத்திரைகள் இந்த வால்வைத்தான் ஓரளவு மூடுகின்றன. இந்த வகை மருந்துக்கு வழி திறந்தவர் ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ. 1970-களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, அரிசியில் வளர்ந்த ஒரு பூஞ்சையிலிருந்து இதைக் கண்டெடுத்தார்.

உடலுக்கு இது எதற்குத் தேவை?

அல்லாஹ் நம் உடலில் வீணாக எதையும் வைக்கவில்லை. கொலஸ்ட்ராலுக்கு முக்கியமான நான்கு வேலைகள் உண்டு.

முதலாவது, செல்களின் சுவர். உடலின் ஒவ்வொரு செல்லையும் மூடியிருக்கும் மெல்லிய சவ்வு, அதிகம் இளகாமலும் அதிகம் இறுகாமலும் இருக்க இது வேண்டும். நரம்புகளைச் சுற்றியுள்ள உறைக்கும் இது அவசியம். உடலின் மொத்தக் கொலஸ்ட்ராலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மூளையில் இருக்கிறது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்ளும், ரத்தத்திலிருந்து எடுப்பதில்லை.

இரண்டாவது, பித்தநீர். நாம் சாப்பிடும் கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த அமிலங்களைக் கல்லீரல் கொலஸ்ட்ராலிலிருந்துதான் செய்கிறது. குடலுக்கு வந்த பித்த அமிலத்தில் சுமார் 95 சதவீதம் மீண்டும் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்புகிறது. பயறு, கொண்டைக்கடலை, ஓட்ஸ், காய்கறி, பழங்களில் உள்ள கரையும் நார்ச்சத்து இந்தப் பித்த அமிலத்தைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேற்றுகிறது. அந்த இழப்பை ஈடுகட்டக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்ளும். நார்ச்சத்து சாப்பிடுங்கள் என்று மருத்துவர்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

மூன்றாவது, வைட்டமின் டி. கொலஸ்ட்ராலாக மாறுவதற்கு ஒரு படி முன்னால் உள்ள ஒரு பொருள் நம் தோலில் இருக்கிறது. வெயில் படும்போது அது வைட்டமின் டியாக மாறத் தொடங்குகிறது. வெயிலே படாமல் வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு இது குறையும். நம் பெண்கள் மொட்டைமாடியிலோ முற்றத்திலோ, மறைவான இடத்தில், கையிலும் முகத்திலும் சற்று நேரம் வெயில் பட இருப்பது நல்லது. எலும்பு வலி, தசைச் சோர்வு இருந்தால் பரிசோதித்துக்கொள்ளலாம்.

நான்காவது, ஸ்டீராய்டு ஹார்மோன்கள். இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

கொலஸ்ட்ராலிலிருந்து பிறக்கும் ஹார்மோன்கள்

ஸ்டீராய்டு என்றதும் நமக்கு மாத்திரை நினைவுக்கு வருகிறது. ஆனால் ஒவ்வொருவர் உடலும் தினமும் ஸ்டீராய்டைத் தயாரிக்கிறது. கொலஸ்ட்ராலின் வால் போன்ற பகுதியை வெட்டி 27 கார்பனை 21 ஆகக் குறைப்பது முதல் படி. அதன்பின் எந்தச் சுரப்பியில் எந்த நொதி இருக்கிறதோ அதற்கேற்ப வெவ்வேறு ஹார்மோன்கள் உருவாகின்றன.

இரண்டு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி போல ஒவ்வொரு அட்ரீனல் சுரப்பி இருக்கிறது. ஒன்றின் எடை சுமார் 5 கிராம்தான். இதிலிருந்து வரும் கார்டிசால் ரத்த அழுத்தத்தையும் ரத்தச் சர்க்கரையையும் விழாமல் காக்கிறது; காய்ச்சல், விபத்து, ஆபரேஷன் போன்ற நேரங்களில் உடலைத் தாங்கிப் பிடிக்கிறது. அதே சுரப்பியின் அல்டோஸ்டிரோன் உடலில் உப்பின் அளவைக் காக்கிறது. ஆண்களின் விதைப்பை டெஸ்டோஸ்டிரோனைத் தயாரிக்கிறது. பெண்களின் சினைப்பை ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் இரண்டையும் தயாரிக்கிறது. பெண் உடலில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதே ஆண் ஹார்மோன் என்று நாம் சொல்லும் வகையிலிருந்துதான். கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடி, தாயின் ரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலை எடுத்துப் புரோஜெஸ்டிரோன் தயாரிக்கிறது. அந்தக் காலத்தில் கொலஸ்ட்ரால் கூடுவது இயல்பு.

இங்கே கவனிக்க வேண்டியது அளவு. உடல் தினமும் தயாரிக்கும் கார்டிசால் சுமார் 10 மில்லிகிராம். மற்ற ஸ்டீராய்டு ஹார்மோன்கள் பெரும்பாலும் இதையும்விடக் குறைவு. கொலஸ்ட்ரால் தயாரிப்போ 1,000 மில்லிகிராம். ஆகவே ஹார்மோனுக்கு வேண்டியது மிகச் சிறு பங்கு. மருத்துவர் சொன்ன அளவில் ஸ்டாட்டின் சாப்பிடுவதால் ஹார்மோன் வறண்டுபோகாது. வாட்ஸ்அப் செய்தி மறைக்கும் மறுபாதி இதுதான்.

அப்படியானால் கொலஸ்ட்ரால் எப்போது தீமையாகிறது?

கொலஸ்ட்ரால் தண்ணீரில் கரையாததால் ரத்தத்தில் தனியாகப் பயணம் செய்ய முடியாது. புரதப் பொதிகளில் ஏறித்தான் போகும். கல்லீரலிலிருந்து மற்ற உறுப்புகளுக்குக் கொண்டுபோகும் பொதிதான் எல்டிஎல். மிச்சத்தைத் திருப்பிக் கொண்டுவர உதவுவது எச்டிஎல். எல்டிஎல் பொதியை ரத்தத்திலிருந்து பிடித்து உள்ளே இழுக்கும் கைகள் போன்ற ஏற்பிகள் கல்லீரலில் இருக்கின்றன. இதைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசஃப் கோல்ட்ஸ்டீன் இருவரும் 1985-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இந்தக் கைகள் குறைந்தால் எல்டிஎல் ரத்தத்திலேயே சுற்றி, ரத்தக்குழாய்ச் சுவருக்குள் புகுந்து படிகிறது. ஆண்டுக்கணக்கில் அது தடித்து, ஒருநாள் வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்தால் மாரடைப்பு அல்லது பக்கவாதம். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் சேர்ந்தால் இது இன்னும் வேகமாக நடக்கும்.

ஸ்டாட்டின் சாப்பிடும்போது கல்லீரலில் தயாரிப்பு குறைகிறது. அதனால் கல்லீரல் கூடுதலான கைகளை நீட்டி ரத்தத்திலுள்ள எல்டிஎல்லை இழுத்துக்கொள்கிறது. மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் எண் பழைய நிலைக்கே திரும்பிவிடும். "ரிப்போர்ட் நார்மல் ஆகிவிட்டது" என்று நிறுத்துவது சரியல்ல. நார்மல் ஆனது மாத்திரையால்தான். குறிப்பாக மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் செய்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒருபோதும் நிறுத்தக் கூடாது. இவர்களுக்கு எல்டிஎல் 70-க்குக் கீழே, சிலருக்கு அதற்கும் கீழே இருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் எதிர்பார்க்கிறார்கள்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, முட்டையைவிட நெய், வனஸ்பதி, தேங்காய் எண்ணெய், பாமாயில், கறியின் கொழுப்பு ஆகியவற்றில் அதிகமாக உள்ள நிறைவுற்ற கொழுப்புதான் கூடுதல் காரணம். அது கல்லீரலின் அந்தக் கைகளைக் குறைத்துவிடுகிறது. ஆரோக்கியமானவர் நாளுக்கு ஒரு முட்டை சாப்பிடுவதில் பெரிய தவறில்லை. ஆனால் ஆட்டு மூளையின் 100 கிராமில் 1,000 மில்லிகிராமுக்கு மேல் கொலஸ்ட்ரால் உண்டு. இதய நோயாளிகள் மூளை, ஈரல், குடல் கறியைத் தவிர்ப்பது நல்லது. வலீமா பிரியாணி மாதம் ஒருமுறை என்றால் பரவாயில்லை. இஃப்தாருக்குத் தினமும் சமோசா, வடை, பஜ்ஜி என்று பொரித்ததையே சாப்பிடுவதும், நேற்றைய எண்ணெயில் இன்றும் பொரிப்பதும் பரவாயில்லை என்று சொல்ல முடியாது.

ஸ்டீராய்டு மாத்திரையை ஏன் திடீரென நிறுத்தக் கூடாது?

1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், மூட்டுவாதத்தால் முடங்கிய ஒரு பெண்ணுக்கு அட்ரீனல் ஹார்மோன் வகையைச் சேர்ந்த கார்டிசோனை ஊசியாகப் போட்டார்கள். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950-ல் அந்த ஆய்வுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று நாம் சாப்பிடும் பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன், டெஃப்லசகார்ட் எல்லாம் அந்த வரிசையில் வந்தவை. சரியான நோய்க்கு, சரியான அளவில், இவை உயிர் காக்கும் மருந்துகள்.

ஆனால் உடல் கணக்கு வைத்திருக்கிறது. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, ரத்தத்தில் கார்டிசால் குறைந்தால் "தயாரி" என்று அட்ரீனலுக்கு உத்தரவு அனுப்பும். நிறைய இருந்தால் உத்தரவை நிறுத்தும். வெளியிலிருந்து மாத்திரை வரும்போது, தேவை தீர்ந்தது என்று நினைத்து உத்தரவு நின்றுவிடுகிறது. மூன்று வாரத்துக்கு மேல் இப்படியே போனால், வேலையில்லாத அட்ரீனல் சுரப்பி சுருங்கத் தொடங்கும். அது மீண்டும் விழித்து முழுமையாக வேலை செய்யச் சில மாதங்கள், சிலருக்கு ஓர் ஆண்டுகூட ஆகலாம்.

இந்த நிலையில் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வெளியிலிருந்தும் ஹார்மோன் இல்லை, உள்ளிருந்தும் இல்லை. கடும் சோர்வு, வாந்தி, வயிற்று வலி, தலைசுற்றல், ரத்த அழுத்தம் விழுதல், சர்க்கரை விழுதல், மயக்கம் என்று போய் உயிரிழப்பு வரை செல்லலாம். அதனால்தான் மருத்துவர்கள் அளவைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். ஐந்து நாள், ஏழு நாள் என்று குறுகிய காலத்துக்கு எழுதிக் கொடுத்ததை, அவர்கள் சொன்ன நாளில் நிறுத்துவதில் இந்த அச்சம் பொதுவாக இல்லை.

நீண்ட நாள் சாப்பிடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காய்ச்சல், பல் பிடுங்குதல், பிரசவம், ஆபரேஷன் போன்ற நேரங்களில் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். "நான் ஸ்டீராய்டு சாப்பிடுகிறேன்" என்று எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் சொல்லுங்கள். மருந்தின் பெயரையும் அளவையும் ஒரு அட்டையில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டாருக்கும் தெரிந்திருக்கட்டும்.

நோன்பும் மாத்திரையும்

ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். ஒரு வேளை மட்டும் பிரெட்னிசோலோன் சாப்பிடும் பலருக்கு அதை ஸஹர் உணவோடு மாற்றித்தர முடியும். ஸ்டாட்டின் மாத்திரையை இஃப்தாருக்குப் பிறகு சாப்பிடலாம். ஆனால் அட்ரீனல் சுரப்பியே வேலை செய்யாமல் ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று வேளை ஹைட்ரோகார்டிசோன் சாப்பிடுகிறவர்களுக்கு நீண்ட நேரம் நோன்பிருப்பது ஆபத்தாகலாம். அவர்கள் மருத்துவரின் முடிவில்லாமல் நோன்பு வைக்க வேண்டாம்.

நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகை ஸூரத்துல் பகராவின் 184, 185 ஆம் வசனங்களில் தெளிவாக இருக்கிறது. பின்னர் கழா செய்வதா, ஃபித்யா கொடுப்பதா என்பதை மருத்துவரின் கருத்தைச் சொல்லி ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அல்லாஹ் தந்த சலுகையை ஏற்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நோன்பின்போது வாந்தி, கடும் தலைசுற்றல், குழப்பமான பேச்சு வந்தால் உடனே நோன்பை முறித்து மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

தெரியாமல் உள்ளே போகும் ஸ்டீராய்டு

மூட்டு வலிக்கும் இழுப்புக்கும் பெயர் ஒட்டாத பொட்டலத்தில் தரப்படும் பொடிகள், "குண்டாகும் மாத்திரைகள்" ஆகியவற்றில் ஸ்டீராய்டு கலக்கப்படுவது பலமுறை கண்டறியப்பட்டிருக்கிறது. இரண்டே நாளில் வலி பறந்துவிடும்; பசி கூடும்; கன்னம் உப்பும். சில மாதங்களில் சர்க்கரை, ரத்த அழுத்தம், எலும்புத் தேய்மானம், கண்புரை, அடிக்கடி தொற்று என்று விளைவு தெரியும். பிறகு நிறுத்தினால் மேலே சொன்ன ஆபத்து.

முகம் வெளுக்க என்று பெண்கள் பூசும் சில கிரீம்களிலும் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. தோல் மெலிந்து சிவந்து, வெயிலில் போனால் எரியும். டியூபில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று போட்டிருந்தால் தோல் மருத்துவரின் சீட்டு இல்லாமல் முகத்தில் பூசாதீர்கள்.

ஜிம்முக்குப் போகும் நம் பிள்ளைகளிடமும் பேசுங்கள். தசை வளரப் போடும் ஊசிகள் டெஸ்டோஸ்டிரோன் வகை. இங்கேயும் அதே கணக்குதான்: வெளியிலிருந்து வந்தால் உள்ளே உத்தரவு நிற்கும், விதைப்பை சுருங்கும், விந்தணு குறையும். திருமணத்துக்குப் பின் குழந்தையில்லை என்று அலையும் நிலை வரலாம்.

சொந்தத்தில் திருமணம் செய்த குடும்பங்களுக்கு

ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு, எல்டிஎல்லைப் பிடிக்கும் கைகள் பிறவியிலேயே குறைவு. தாய் தந்தை இருவரிடமும் இந்தக் குறை இருந்தால் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் குழந்தைக்கு மிகக் கடுமையாக வரும். சிறு வயதிலேயே மாரடைப்பு வரலாம். குடும்பத்தில் யாருக்காவது 50 வயதுக்கு முன் மாரடைப்பு வந்திருந்தால், கணுக்காலின் பின் நரம்பிலோ விரல் முட்டியிலோ மஞ்சள் கட்டிகள் இருந்தால், பிள்ளைகளுக்கும் கொலஸ்ட்ரால் பரிசோதனை செய்யுங்கள்.

கார்டிசால் தயாரிக்கும் நொதி பிறவியிலேயே இல்லாத குழந்தைகளும் உண்டு. உலக அளவில் சுமார் 15,000 குழந்தைகளில் ஒன்று. பெண் குழந்தைக்குப் பிறப்புறுப்பில் வேறுபாடு தெரியலாம். ஆண் குழந்தை பார்வைக்கு இயல்பாக இருக்கும். பிறந்து இரண்டு, மூன்று வாரங்களில் பால் குடிக்காமல் வாந்தியெடுத்துத் துவண்டுவிடும். குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் செய்யும் சோதனையில் இதைக் கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடித்தால் தினசரி மருந்தோடு குழந்தை நன்றாக வளரும். முன்பு ஒரு குழந்தை இப்படிக் காரணம் தெரியாமல் இறந்திருந்தால், அடுத்த பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

சில கேள்விகள்

ஸ்டாட்டின் சாப்பிட்டால் ஆண்மை குறையுமா?
வழக்கமான அளவில் டெஸ்டோஸ்டிரோன் பொருட்படுத்தும்படி குறைவதில்லை. ரத்தக்குழாய் அடைப்பும் சர்க்கரை நோயும்தான் பெரும்பாலும் காரணம்.

மாத்திரை சாப்பிட்டதும் உடம்பு வலிக்கிறதே?
சிலருக்குத் தசை வலி வருவது உண்மை. நிறுத்திவிட்டு மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு மருந்து தரலாம். சிறுநீர் கறுத்துப் போனால் உடனே போக வேண்டும்.

கர்ப்பமாக இருக்கும்போது?
கர்ப்பம் தெரிந்ததும், அல்லது கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே, ஸ்டாட்டின் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். பொதுவாக அதை நிறுத்தச் சொல்வார்கள். ஸ்டீராய்டை மட்டும் தாங்களாக நிறுத்தக் கூடாது.

மாதவிடாய் நின்ற பிறகு கொலஸ்ட்ரால் ஏன் கூடுகிறது?
ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எல்டிஎல் ஏறுகிறது. அந்த வயதில் பெண்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பக்கத்தை வீட்டில் மாத்திரை சாப்பிடும் பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் சாப்பிடும் மருந்துகளின் பெயர்களை ஒருமுறை பாருங்கள். மேலே சொன்ன ஸ்டீராய்டு பெயர் எதுவும் இருந்தால், எத்தனை நாளாகச் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டு, இந்த வாரமே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தான நீண்ட ஆயுளைத் தந்தருள்வானாக. ஆமீன்.